நல்லா ஆயிக்கினு வர்ற தண்ணி

மேடம்,

இன்று காலை செல்வி அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வெல்லம் கரைகிற வாசனை வந்தது. உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிட்டேன். மற்றவர்களுக்கு அது பொங்கல் வாசனை. எனக்கு அது நம் நீலப் பீப்பாய்களின் வாசனை, அவற்றில் இருந்த கறுப்புப் பாகு, அதைக் கலக்கிய நீளக் கழி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நீங்கள் போட்ட தும்மல்கள்.

"இன்னாமே, வாசல்லயே சாமி வந்துடுச்சா? உள்ள வா" என்று அக்கா குரல் கொடுத்த பிறகுதான் நகர்ந்தேன்.

எந்தத் தண்ணீரில் அந்தப் பொங்கல் வைத்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களை முதலில் பார்த்த நாளில் நீங்கள் ஒரு நாயோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகும் வழியில், மூடிக்கிடந்த அந்த முலாம் தொழிற்சாலையின் துருப்பிடித்த கேட்டருகே, தெருநாய்க்கு பிஸ்கட் நீட்டி, "வாங்க, பயப்படாதீங்க, சாப்பிடுங்க" என்று அழைத்துக்கொண்டிருந்தீர்கள். நாய்க்கே இவ்வளவு மரியாதை கொடுக்கிறவரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறோம் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நீங்கள் நாக்பூரில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர், தமிழ் வீட்டுக்குள் பேசிப் பழகியது மட்டும்தான் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அங்கே உங்கள் அம்மா ஒருமையில் யாரையும் அழைக்கக்கூடாது என்று சொல்லி வளர்த்தாராம். அதில் நாய்க்கு விலக்கு உண்டென்று அவர் சொல்லவில்லையாம்.

அந்தத் தொழிற்சாலையில் இரும்புப் பாகங்களுக்குக் குரோமியம் பூசினார்கள். கழிவைப் பல காலம் பின்பக்கக் குழியில் விட்டிருக்கிறார்கள். குழிக்குப் பின்னால்தான் தெரு. நாம் வரும்போது அடிபம்புகளில் மஞ்சள் சாயலோடு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடிக்கக்கூடாது என்று ஒவ்வொரு பம்பின் தலையிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், மற்றதற்கு லாரி. பழைய முதலாளி போய்விட்டார். நிலத்தை வாங்கிய புதிய நிறுவனம், மண்ணையும் தண்ணீரையும் சுத்தம் செய்தால்தான் அங்கே கிடங்கு கட்ட முடியும் என்பதால் நம்மைக் கூப்பிட்டிருந்தது.

மேல்மண்ணைத் தோண்டி லாரியில் அனுப்பியது தெருவுக்குப் புரிந்தது. பாகுதான் புரியவில்லை. சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற பாகைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகப் பூமிக்குள் ஊற்றினோம். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும். அவை பெருகினால், தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்கும் குரோமியம் ஓட முடியாத வகையாக மாறி மண்ணோடு தங்கிவிடும். இதை நீங்கள் டீக்கடையில் எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் மூக்கு வேறு கதை சொன்னது. பீப்பாய், பாகு, புளித்த வாசனை. சாராயத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு மாலை டீக்கடைக்காரர் முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு கேட்டார்: "மேடம், ஊறல் எப்போ எறக்குவீங்கோ?"

நீங்கள் குழாய் இறக்குவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில இறக்கிடுவோம்ங்க. நீங்களும் அவசியம் வந்து பாருங்க, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றீர்கள்.

கடையே சிரித்தது. மறுநாள் உண்மையிலேயே நான்கைந்து பேர் வந்து நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரரும். அவருக்கு நீங்கள் நுண்ணுயிர்களைப் பற்றி விளக்கி முடிக்கும்போது அவர் களைத்துப்போயிருந்தார். ஊறல் என்றால் சாராயத்துக்குப் புளிக்கவைப்பது என்று நான் உங்கள் காதில் சொன்னதும், வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமேங்க!" சொன்னேன் மேடம். கடையிலேயே சொன்னேன். என் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை.

என் குரல் யாருக்குத்தான் கேட்டது? பள்ளியில் வருகைப் பதிவின்போது நான் 'உள்ளேன்' என்றது கேட்காமல், வகுப்பில் இருந்துகொண்டே எத்தனையோ நாள் வராதவள் ஆகியிருக்கிறேன். கல்லூரி நேர்முகத்தில், பேருந்தில், ரேஷன் கடையில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சத்தமாப் பேசு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான்தான் முதல். சுங்குவார்சத்திரத்தில் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போகும் அம்மா, "படிச்ச பொண்ணு, கணீர்னு பேச வாணாமா?" என்பாள். படிப்பு வந்தது. கணீர் வரவில்லை.

ஊறல் இறக்கிய அந்த வாரம்தான், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, சோதனைக்குத் தண்ணீர் எடுத்த பாட்டில்கள் வெயிலில் இருக்கின்றன, ஐஸ் பெட்டிக்குள் வைக்கவேண்டும் என்று உங்களிடம் சொன்னேன். "என்னங்க?" என்றீர்கள். மறுபடி சொன்னேன். மறுபடி "என்னங்க?" அடுத்தது 'சத்தமா' என்றுதான் வரும் என்று காத்திருந்தேன். நீங்கள் திரும்பி, "அந்த ஜெனரேட்டரைக் கொஞ்சம் நிறுத்துங்க. இவங்க பேசறாங்க" என்று ஆபரேட்டரிடம் சொன்னீர்கள்.

அது நின்றது. அவ்வளவு பெரிய இடம் சட்டென்று அமைதியானது. தூரத்தில் கண்டெய்னர் லாரிகள் போகும் ஓசை மட்டும். நான் என் குரலிலேயே சொன்னேன். உங்களுக்குக் கேட்டது. பாட்டில்களை உள்ளே வைத்தோம், ஜெனரேட்டர் மறுபடி ஓடியது. உங்களுக்கு அது நினைவில் நின்றிருக்காது. எனக்கு அன்றைய வெயில்கூட நினைவிருக்கிறது.

அப்புறம் அந்தக் கூட்டம்.

பாகு வேலை செய்யத் தொடங்கியிருந்தது. செல்வி அக்கா வீட்டு அடிபம்பில் மஞ்சள் போய்விட்டது. ஆய்வகத்திலிருந்து வந்த முடிவில் குரோமியம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. செடிக்கு ஊற்றலாம், குடிக்கவோ சமைக்கவோ இன்னும் ஆகாது. சமுதாயக் கூடத்தில் தெருவைக் கூட்டி அதைச் சொல்ல ஏற்பாடு. நிலத்தை வாங்கிய நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நல்ல செய்தி வேண்டியிருந்தது. செல்வி அக்கா, கார் பாகங்கள் செய்யும் கம்பெனி கேன்டீனில் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். பக்கத்தில் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் உமா. அம்மா பேசுவதே இரண்டு பேருக்குப் போதும் என்பதுபோல் வாயே திறக்காதவள்.

நீங்கள் மைக்கைப் பிடித்துச் சிரித்த முகத்தோடு சொன்னீர்கள்: "உங்க பம்புகள்ல இப்போ நல்ல தண்ணீர் வருதுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

செல்வி அக்கா எழுந்தே விட்டார். "கேட்டுக்கினியாடி உமா? நல்ல தண்ணியாம்! கேன்காரனுக்கு இனிமே டாட்டா. வா, ராத்திரிக்கு அதுலயே உலை வெச்சிடலாம்."

நீங்கள் சொல்ல நினைத்தது, தண்ணீர் முன்னைவிட நன்றாக ஆகிவிட்டது என்பது. தெரு கேட்டது வேறு. எங்கள் பக்கம் உப்புத் தண்ணி என்றால் துவைக்க, நல்ல தண்ணி என்றால் குடிக்க. நல்ல தண்ணிக் குழாய், நல்ல தண்ணிக் குடம், நல்ல தண்ணி லாரி. 'நல்ல' என்பது அங்கே பாராட்டு இல்லை, அனுமதி. நாக்பூர்க் குடியிருப்பில் ஒரே குழாயில் வளர்ந்த உங்களுக்கு அது தெரிய வழியில்லை.

பெண்கள் எழுந்து புடவையை உதறிக்கொண்டிருந்தார்கள். நான் மேடை ஓரத்திலிருந்து, "மேடம், நல்ல தண்ணி இல்ல" என்றேன். சுழன்றுகொண்டிருந்த பெரிய மின்விசிறியின் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. உமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி எழுந்தாள். நான் வந்து உங்கள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அதைவிட மரியாதையான வழி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். என்னவென்றுகூடக் கேட்கவில்லை. மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி நடந்துபோய், அந்த மின்விசிறியை நிறுத்தினீர்கள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் உட்காருங்க. இவங்க பேசறாங்க."

அவ்வளவு முகங்கள். வியர்வை. நான் புத்தகத் தமிழில் ஏதோ தொடங்கி, விட்டுவிட்டு, எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னேன்: "அது நல்ல தண்ணி இல்லக்கா. நல்லா ஆயிக்கினு வர்ற தண்ணி. இன்னும் குடிக்கக்கூடாது. சோறாக்கக்கூடாது. செடிக்கு ஊத்துங்க, அவ்ளோதான்."

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "யார் இந்தப் பொண்ணு? ட்ரெய்னியா?"

நான் ட்ரெய்னிதான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. அதை அம்மா எத்தனை பேருக்குக் காட்டியிருந்தாள். அது இனி இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்க கெமிஸ்ட்ங்க" என்றீர்கள் மின்விசிறியருகே நின்றபடியே. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நான் சொன்னது தப்பு. என் தமிழ் தப்பு. இவங்க சொல்றதுதான் சரி. உமா அம்மா, தயவுசெஞ்சு உலை வைக்காதீங்க" என்றீர்கள்.

கூட்டம் சும்மா விடவில்லை. "கைதட்டினதத் திருப்பிக் குடுங்க" என்றது ஒரு குரல். "பூமிக்குப் பாயசம் ஊத்துனா இப்படித்தான்" என்றது இன்னொன்று. செல்வி அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றார். "இன்னா மேடம் நீ, ஒரே வாயில நல்லதுன்ற, அதே வாயில இல்லன்ற? எம் பொண்ணு வவுத்துல புள்ளைய வெச்சிக்கினு கீது!" நீங்கள் கைகூப்பினீர்கள். அவர் திட்டித் தீர்க்கும்வரை நின்று கேட்டீர்கள்.

திரும்பும்போது வண்டியில் நான் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் யோசனையோடு கேட்டீர்கள்: "அப்போ, 'நல்ல'ன்னா குடிக்கலாம். நல்லா ஆகுதுன்னா குடிக்கக்கூடாது. அப்படித்தானேங்க?" அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படப்பை வரும்வரை உப்பு, சவர், சப்பை, கலங்கல் என்று தண்ணீரின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். என்னை இறக்கிவிடும்போது சொன்னீர்கள்: "இன்னைக்கு ஒரு வீட்ல உலை வைக்கலை. நீங்க போய் நிம்மதியாத் தூங்குங்க."

என் வேலை போகவில்லை. அதற்காக யாரிடம் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்களும் சொன்னதில்லை. ஆனால் அதன்பிறகு தெருவில் எதை அறிவிப்பதற்கு முன்பும் என் பக்கம் திரும்பி, "சொல்லலாமாங்க?" என்று கேட்பீர்கள். அந்த ஒரு சொல்லில் நான் எவ்வளவு வளர்ந்தேன் என்று நேரில் சொல்ல வாய் வரவில்லை. வடக்கே வேறு தளத்துக்கு உங்களை மாற்றியபோது ஒரு பை நிறைய முறுக்கு கொடுத்தேன், அவ்வளவுதான். இந்த மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் என்றார்கள், சில நாட்களிலேயே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 'கண்ணீர் அஞ்சலி' என்று உங்கள் படத்தைப் போட்டார்கள். அதில் நீங்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிறீர்கள். நாயாகக்கூட இருக்கலாம்.

பொங்கல் அந்த அடிபம்புத் தண்ணீரில்தான் மேடம். எங்கள் சோதனையும் அரசு ஆய்வகச் சோதனையும் திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொன்னபிறகு, சிவப்புப் பெயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார்கள். செல்வி அக்கா எனக்கு முதலில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர்தான் கொடுத்தார். "குட்ச்சிப் பாரு. அத்தினி பாகு ஊத்தினீங்க, ஒரு இனிப்பும் காணோம். அதான் நானே வெல்லம் போட்டுட்டேன்" என்றார். பிறகு சற்றுத் தணிந்த குரலில், "அந்த மேடம் இருந்திருந்தா முந்திரி தூக்கலாப் போட்டிருப்பேன்" என்றார்.

அதற்கு முன்பு, நேற்று மாலை, அதே சமுதாயக் கூடத்தில் மைக் என் கையில் இருந்தது. பேசுவதற்கு முன் பழக்கத்தில் தலை பக்கவாட்டில் திரும்பியது. அங்கே யாரும் இல்லை. எதிரே செல்வி அக்கா இருந்தார். "சொல்லலாமாக்கா?" என்றேன். "அட, சொல்லுமே!" என்றார். சொன்னேன்: "நல்ல தண்ணி வந்துடுச்சு."

இம்முறையும் கைதட்டினார்கள், ஆனால் கொஞ்சம் சந்தேகத்தோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. அப்போது பின்வரிசையில் உமா எழுந்து நின்றாள், இடுப்பில் குழந்தை. அவள் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. "சத்தமாக் கேளும்மா" என்றார் ஒருவர். அவள் முகம் சுருங்கியது, உட்காரப் போனாள்.

நான் மேடையிலிருந்து இறங்கிப் போய் மின்விசிறியை நிறுத்தினேன்.

"இப்பக் கேளுங்க உமா."

"குழந்தைக்கு இந்தத் தண்ணியில கஞ்சி வைக்கலாமா?"

"வைக்கலாம்ங்க" என்றேன், அவள் பேசிய அதே குரலில். கூடம் முழுவதும் கேட்டது.