விரல் எடுக்காத மெஷின்

மைனி,

இன்று காலை உனக்குப் பணம் வந்திருப்பதாக என் போனில் மெசேஜ் வந்தது. பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் பேங்கில் போடும் பணம். உன்னிடம் போன் இல்லாததால் என் நம்பரைத்தானே கொடுத்திருந்தாய். நீ போய்ச் சேர்ந்தது பேங்குக்குத் தெரியாது. கல்லில் தோசை கருகுவதுகூடத் தெரியாமல் அந்த மெசேஜையே பார்த்துக்கொண்டு நின்றேன். பழக்கதோஷத்தில், "ஏ மைனி, துட்டு வந்துட்டு!" என்று பக்கத்து வாசலைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்துவிட்டேன்.

முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் போதும், தோல் பர்ஸ் ஒட்டிய சொல்யூஷன் பசை காயாத கையோடு ஓடி வருவாய். உன் மகள் பிரியாவின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாளன்றும் அப்படித்தான் வந்தாய். இளைப்பு வேறு உன்னைப் படுத்திக்கொண்டிருந்தது. முக்குக் கடையில் விரல் வைத்துப் பணம் எடுக்கும் மெஷின் உன் விரலை எடுக்கவே இல்லை. வருஷக்கணக்கில் தோலையும் பசையையும் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? "உங்லி நஹி ஆ ரஹா ஆன்ட்டி, கல் ஆனா" என்றான் இந்திக்காரக் கடைக்காரன். விரல் பதியவில்லையாம், நாளைக்கு வர வேண்டுமாம். நாளைக்கு வந்தால் பரீட்சை போச்சு. நான் அவனைப் பார்த்துக் கத்த, வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். நீ பிரியாவை இழுத்து, எண்ணெய் வழியும் அவள் தலையில் விரலைத் தேய்த்து மறுபடி வைத்தாய். மெஷின் எடுத்துக்கொண்டது.

மாதாமாதம் அந்தப் பணத்தில்தான் இளைப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சும் பம்ப் வாங்குவாய். அன்று பரீட்சைக்குக் கட்டியதுபோக மிஞ்சியது அதற்குப் போதவில்லை. "மூச்சை அடுத்த மாசம் வாங்கிக்கிடலாம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றே பிடிக்கவில்லை. இன்றும் உன்மேல் கோபம் ஆறவில்லை.

பிரியா இப்போது நர்சிங் படிக்கிறாள். அரசாங்க உதவித்தொகை வர வேண்டுமென்றால் பேங்கில் விரல் வைத்து உறுதி செய்ய வேண்டும். அதற்கு இன்று கடைசி நாள். உன் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். உன் கணக்கில் இனிப் பணம் வராது, மெசேஜும் வராது என்றார்கள். சரி என்றேன்.

அடுத்து பிரியா விரலை வைத்தாள். எடுக்கவில்லை. ஜீன்ஸில் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தாள். எடுக்கவில்லை. சின்னப் பிள்ளை விரலுக்கு என்ன வந்தது? கையைப் பிடித்துப் பார்த்தேன். நுனி வழுவழுவென்று இருந்தது. நகக்கண்ணில் மஞ்சளாகச் சொல்யூஷன்.

"எப்பலேருந்துட்டி பர்ஸ் ஒட்டுத?"

"அம்மா போனதுலேருந்துதான் அத்தை. பஸ்சுக்கு, புக்குக்கெல்லாம் வேணும்லா?"

கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்! கவுன்டரில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், சிஸ்டம் பந்த் ஹோ ஜாயேகா" என்றார், சிஸ்டத்தை மூடும் நேரமாம். இவளை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று வந்தது எனக்கு. வைக்கவில்லை. குனிந்து என் தலையை அவள் பக்கம் நீட்டினேன்.

"தேயிட்டி."

காலையில் வைத்த தேங்காயெண்ணெய். தேய்த்துவிட்டு வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

வரும் வழியெல்லாம் அவள் அழுதாள். நான் திட்டிக்கொண்டே வந்தேன், உன்னையும் சேர்த்துத்தான். நேரே உன் வீட்டுக்குள் போய்ச் சொல்யூஷன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது இப்போது என் அடுப்படியில் இருக்கிறது. கேட்டால் தர மாட்டேன். பஸ்சுக்கும் புக்குக்கும் இனி நான் ஒட்டிக்கொள்கிறேன். தலைக்கு எண்ணெய் வைக்க மட்டும் மறக்கக் கூடாது.