காலி இடத்தில் உட்கார்ந்தவர்

அன்பு மகள் சுமிரேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், வான்கூவரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்றே நம்புகிறோம். இந்த வருஷம் பனி முந்திக்கொண்டது, முள்ளங்கி ஊறுகாய் போட்டாயிற்று, அம்மாவுக்கு முழங்கால் வலிதான், கேட்டால் "இத்தனை வருஷம் கூடத்தைத் துடைச்ச கால், கூலி கேக்குது" என்று சிரிக்கிறாள்.

கூடத்தில் நடந்ததை வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். மினாசே கம்புச்சண்டை வழியின் தலைமைப் பயிற்சிக்கூடத்தைக் காக்கும் வீட்டில் பிறந்தவள் நீ, உட்காரும் வரிசையில் தலைவருக்கு அடுத்த இடம் எப்போதும் காலியாக இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஏன் என்று மட்டும் நான் சொன்னதில்லை, பயப்படுவாய் என்று விட்டுவிட்டேன். வழியைத் தொடங்கிய மினாசே, போர் நெருங்கிய ஒரு குளிர்காலத்தில், உதவிக்குப் படை வருமா என்று கேட்டுவர மூத்த சீடர் கென்பாவை மலைக்கு அந்தப்பக்கக் கோட்டைக்கு அனுப்பினாராம். "என் இடத்துல யாரையும் உக்கார வைக்காதீங்க, பதிலோட வந்துடறேன்" என்று சொல்லிப் பனியில் இறங்கியவர் திரும்பவேயில்லை. பிறகு கூடம் ஒரு தடவை எரிந்து மறுபடி எழும்பியது, உலகப்போரில் தோற்ற பின் பயிற்சிக்குத் தடை வந்தபோது உள்ளே பட்டுக்கூடு மூட்டைகளை அடுக்கினார்கள், அப்போதும் அந்த இடத்தில் மட்டும் மூட்டை வைக்கவில்லை என்று என் அப்பா சொல்வார்.

போன மாதம் ஆண்டுவிழாவுக்கு வெளிநாட்டுக் கிளைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கூடம் நிரம்பிவிட்டது. வசந்தத்தில் தலைவராகப் பொறுப்பேற்ற கன்சாக்கி, "எத்தனை காலத்துக்குத்தான் காத்துக்கு இடம் பிடிச்சு வைக்கிறது, இவாவோ-சான்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானே அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். காலை வணக்கத்துக்கு எல்லோரும் குனிந்து நிமிர்ந்தோம், அவர் மட்டும் நிமிரவில்லை. வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கியபோது முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மினாசேயின் படத்தைப் பார்த்து, இந்தப் பக்கத்தில் இப்போது யாரும் பேசாத பழைய மலைப்பேச்சில், "பதில் வாங்கியாந்துட்டேன். படை வராது. எதிரிங்க எனக்குப் பின்னாலயே வர்றாங்க, நம்ம ஆளுங்க குரல்லயே கூப்பிடுவாங்க. வாசக்கதவ மட்டும் தொறக்காதீங்க" என்றார். அம்மாதான் தேநீரோடு போய் அவர் முன்னால் மண்டியிட்டு, "ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கீங்க. நாங்க தொறக்க மாட்டோம். சூடா குடிங்க" என்றாள். இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக் குடித்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கண் விழித்தபோது பழைய கன்சாக்கிதான், "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க, தூங்கிட்டேனா?" என்று கேட்டார். ஆனால் கால்விரல்கள் பனியில் விறைத்துக் கறுத்திருந்தன, எந்த மலையில் வழிதவறினார் என்று மருத்துவர் எங்களைத் திட்டினார். விரல்கள் பிழைத்துவிடும் என்கிறார்கள். நடந்ததைச் சொன்னபோது கன்சாக்கி சிரிக்கவில்லை, "பெரிய வாசக்கதவுக்குத் தாழ் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டுவிட்டோம், இப்போது எல்லோரும் சமையலறைப் பக்கமாகத்தான் வருகிறார்கள். போன வியாழக்கிழமை மதியம் நானும் அம்மாவும் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், பெரிய கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "அப்பா, நான்தான். கை வெறச்சுப் போச்சு, தொறங்கப்பா." உன் குரல், சுமிரே. ஓடிப்போய்த் தாழில் கைவைத்துவிட்டேன், அம்மாதான் சட்டையைப் பிடித்து இழுத்து, "மொதல்ல போன் போடுங்க" என்றாள். அன்று நான் காரணம் சொல்லாமல் எங்கே இருக்கிறாய் என்று கேட்டது அதற்காகத்தான். "வேலை முடிஞ்சு பஸ்ல போயிட்டிருக்கேன், ஏம்ப்பா மூச்சு வாங்குது?" என்று நீ காதில் பேசும்போதே வெளியிலும் நீ அழைத்துக்கொண்டிருந்தாய். போனை வைத்த பிறகு அந்தக் குரல் அடங்கியது, கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

புத்தாண்டுக்கு நீ வருவதை நிறுத்த வேண்டாம், உனக்காகக் காய வைத்த சீமைப்பனிச்சைப் பழம் உத்தரத்தில் தொங்குகிறது. வந்ததும் சமையலறைப் பக்கமாக நேரே உள்ளே வந்துவிடு, வெளியே நின்று கூப்பிடாதே. கூப்பிட்டால் நாங்கள் திறக்க மாட்டோம், நீ அழுதாலும் திறக்க மாட்டோம், அதற்காக எங்களைத் தப்பாக நினைக்காதே. கம்பளிக் காலுறை போட்டுக்கொள். நீ நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

வழி பார்த்திருக்கும் அப்பா,
இவாவோ