நீ எழுதாம விட்ட வாத்து

என் செல்ல நாத்தனார் புவனாவுக்கு,

நல்லா இருக்கியா? அங்க ஏரி இருக்குதா? இருந்தா இந்நேரம் அங்க வர்ற பறவைக்கெல்லாம் பேர் எழுதிக்கினு, சாப்பிடக்கூட மறந்து நிப்ப.

ஊருக்கே ஊசி போட்ட நர்ஸம்மா நீ. லீவு நாள்ல மட்டும் உன் வண்டி திண்டிவனத்துலருந்து நேரா கழுவெளி ஏரிக்கு ஓடும். பின்னாடி நான், மடியில கொறிக்கறதுக்கு வறுத்த மல்லாட்டை. நம்ம பக்கத்து ஏரிங்கள்ல வர்ற பறவையை லிஸ்டுல சேர்க்கற கூட்டத்துல நீதான் ரொம்ப ஸ்டிரிக்ட். ரெண்டு பேர் பார்க்கணும், ஒருத்தருக்கொருத்தர் மூச்சு விடாம தனித்தனியா அடையாளம் சொல்லணும், ரெண்டும் ஒத்துப்போகணும். "வாயை மூடுங்க அண்ணி"ன்னு எத்தனை தடவை திட்டியிருப்ப!

ஒரு மார்கழியில எனக்குக் காய்ச்சல். நீ தனியாப் போய் பட்டைத்தலை வாத்தைப் பார்த்துட்டு வந்த. இமயமலையைத் தாண்டி வர்றதுன்ன. "வந்தது வாத்தா, கனவா?"ன்னு கேட்டேன். சிரிச்ச. ஆனா லிஸ்டுல எழுதலை. "நான் ஒருத்தி பார்த்தது பத்தாது அண்ணி." அப்புறம் வருஷா வருஷம் தேடின. அது வரலை. நீயும் கண்ணை மூடிட்ட.

இந்தப் பொங்கல் முடிஞ்சதும் லிஸ்டு வெச்சிருக்கற விழுப்புரம் சார் ஃபோன் பண்ணார், புது லிஸ்டு போடப் போறாங்கன்னு. அதுலயும் உன் வாத்து இல்லாமப் போறதான்னு எனக்கு மனசு கேக்கலை. உங்கண்ணனை இழுத்துக்கினு விடியக்காலையில கழுவெளிக்குப் போனேன். அந்த மனுசனுக்குக் காக்காவைத் தவிர எல்லாமே கொக்குதான், தெரியுமில்ல?

பனி விலகுச்சு புவனா. தண்ணி ஓரத்துல சாம்பலா நாலஞ்சு வாத்துங்க மேய்ஞ்சிக்கினு இருந்துச்சு. ஒண்ணு தலையைத் தூக்குச்சு. நீ சொன்ன அதே வாத்து! நமக்கு விழுப்புரம் போய் வர்றதுக்குள்ள இடுப்பு புடிச்சுக்குது. இது பனிமலைக்கு மேல, மூச்சு விடக் காத்து பத்தாத உசரத்துல பறந்து வந்து, நம்ம சேத்துல நிதானமா புல்லு கடிக்குது. இதுக்கு யார் வழி சொன்னது?

கத்தணும்போல இருந்துச்சு. கத்தினா உங்கண்ணன் பார்த்தது செல்லாதே! தள்ளிப் போய் சாருக்கு ஃபோன்ல அடையாளத்தைப் பேசி அனுப்பிட்டு, வாயில முந்தானையை வெச்சுக்கினு வந்து நின்னேன். உங்கண்ணன் உன் பைனாகுலரைக் கண்ணுலருந்து எடுக்கவே இல்லை.

"என்னாடி இது? வெள்ளைத் தலை, பின்னால ரெண்டு கறுப்புப் பட்டை. யாரோ மையால இழுத்து வுட்டாப்பல." அதையே ஃபோன்லயும் பேசி அனுப்பினார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏன் அழுவுற? என் தங்கச்சி பார்த்தது இதானா?"ன்னார்.

கொஞ்ச நேரத்துல சார் கூப்பிட்டார். "ஒத்துப்போச்சும்மா, சேர்த்துட்டேன். புவனா பேரையும் போட்டுடவா?"

வேணாம்னுட்டேன். தனியாப் பார்த்தது சேராதுன்னு சொன்னவ நீ. போட்டா கனவுல வந்து திட்டுவ.

ஆனா உனக்கு நான் சொல்றேன். அன்னிக்கு வந்தது வாத்துதான்டி.

அடுத்த வருஷமும் போவேன். பக்கத்துல நிக்கறவங்க பார்த்து முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன், சத்தியம். ஏரியில மட்டும்தான், வீட்டுல முடியாது.

உன் வண்டியில பின்னாடி உக்காந்து வந்த
வாயாடி அண்ணி