கீட்டோ கோவில் வாசலில் விட்ட செருப்பு

ஜனவரி 19, ஞாயிறு

பனி. எதிர் பிளாக்கே தெரியவில்லை. பூசைக்குப் போய் வந்தேன்.

நான் தொலைந்து போகவில்லை. போலீஸ் கூட்டி வரவுமில்லை. காணாமல் போனது என் செருப்பு. அதுவும் அரை மணி நேரம். மகள் ஸ்டெல்லா பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியிடம் ஏதோ சொல்ல, பிளாக் முழுக்க வேறு கதை.

நடந்தது: டிசம்பர், ஈக்வடார் தலைநகர் கீட்டோ. மகன் அருளுக்கு அங்கே வேலை. பழைய நகரத்தில் இறக்கிவிட்டு, ஐந்து மணிக்குச் சதுக்கத்தில் நிற்கச் சொன்னான். ஒரு முழு மதியம் தனியாக. கல் பாவிய ஏற்றத் தெருக்கள், வெள்ளைச் சுவர், நீல பால்கனி, தெரு முடிவில் மலை. உயரமான ஊர், மூச்சு வாங்கியது. வாங்கும்போதெல்லாம் கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல நின்றேன். தொப்பி வைத்த பெண்கள், முதுகில் குழந்தை. மாதா கோவில் ஒன்று, உள்ளே கூரை வரை தங்கம். தூசி தட்டியிருக்கலாம்.

ஜனவரி 20, திங்கள்

கொடியில் வெள்ளைப் புடவை, மேலே அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசி. மறுபடி அலசல்.

கஸ்தூரி வந்தாள். சொன்னேன்: நம் வழக்கப்படி வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அங்கே வேறு ஒரு ஜோடியும் இல்லை என்பதைத் திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன். என்னுடையதும் இல்லை.

"வடலூர் சபைன்னு நெனச்சிக்கினீங்களா டீச்சரம்மா?"

சிரித்துவிட்டேன்.

படியில் உட்கார்ந்தேன். கல் ஐஸ். மெழுகுவர்த்தி விற்பவள், என் வயதுதான், யாரோ மறந்து போனது என்று எடுத்து வைத்திருக்கிறாள். கூடைக்கடியிலிருந்து எடுத்தாள். என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துத் தன் பாஷையில் திட்டினாள். தமிழில் பதில் சொன்னேன். தான் உட்கார்ந்திருந்த பலகையில் இடம் விட்டாள். பேச்சில் ஐந்து மணி தாண்டிவிட்டது. அதற்குள் அருள் சதுக்கத்தில் போலீஸ்காரரிடம் விசாரித்திருக்கிறான்.

"உயிரே போச்சும்மா. இனிமே தனியா வேணாம்."

மிச்ச நாள் வீட்டுக்குள். பாதி நகரம் பாக்கி.

ஜனவரி 22, புதன்

வெயில். முழங்கால் பரவாயில்லை.

மருமகளுக்கு ஜூனில் பிரசவம். கூப்பிடுகிறார்கள். ஸ்டெல்லா: "அண்ணன் கார்லயே சுத்திக் காட்டும்மா." கார் எனக்கு வேண்டாம். தனியாகப் போக விடுவாயா என்று நேற்று போனில் கேட்டேன். அருள், "பார்க்கலாம்மா." அவன் அப்பாவும் ஃப்ரிஜ்ஜுக்கு எட்டு வருஷம் பார்க்கலாம் என்றார்.

தபாலில் போட்டது:

"அருள், ஜூனில் வருகிறேன். குழந்தையைக் காலையில் நான் குளிப்பாட்டுவேன். வாரம் ஒரு மதியம் பழைய நகரம், தனியாக. கோவிலில் செருப்பு என் பைக்குள் இருக்கும். சம்மதமா, இல்லையா? போனில் வேண்டாம். எழுதி அனுப்பு."