முழுக்கை ரவிக்கை

மஞ்சூர்,
11 ஜூன் 2023

கர்த்தருக்குள் பிரியமான மகள் லிஜிக்கு அம்மா லோயிஸ் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். மழை பிடித்துவிட்டது. துவைத்த துணி காயவேயில்லை, ஊடு முழுக்க ஈர வாசம். அப்பா தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கம் நிற்பதால் அவர் ஒருத்தர் உடம்புதான் சூடாக இருக்கிறது. உன் தம்பி ஜெஃப்ரி பிக்கப் வண்டியில் குன்னூருக்கும் மஞ்சூருக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஜெஃப்ரி ஸ்பீக்கரில் போட்டுத்தான் போனைத் தருவான். சுவரோடு சுவர் ஒட்டின லைன் வீட்டில் நான் தும்மினால் பக்கத்து வீட்டு சுகுணா, "அக்கா, கசாயம் வைக்கட்டுங்களா?" என்பாள். இது அப்படி ஊர் கேட்கிற விஷயம் இல்லை கண்ணு.

இடது மாரில் ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு. வலியில்லை. ஜெபம் பண்ணித் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். நீ நர்ஸ் என்பதால் கேட்கிறேன், இந்த வயதில் இப்படி வருவது சகஜம்தானே? அப்பாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா
லோயிஸ்


மஸ்கட்,
24 ஜூன் 2023

அன்புள்ள அம்மா,

சகஜம் இல்லை. வலியில்லாத கட்டி என்பதுதான் எனக்குப் பயம். எண்ணெயை நிறுத்து. குன்னூர் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். ஸ்கேன் எடுப்பார்கள், ஊசி வைத்துச் சோதிப்பார்கள். அவ்வளவுதான்.

என் வார்டில் உன் வயது அம்மாக்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் வந்தவர்கள் இப்போது பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செக்கப்புக்கு வருகிறார்கள். தாமதித்தவர்களைப் பற்றி எழுதமாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே பஸ் ஏறு.

லிஜி


மஞ்சூர்,
16 ஜூலை 2023

பிரியமான லிஜிக்கு,

போனேன். நீ சொன்ன லேடி டாக்டர் லீவு. ஸ்கேன் ரூமில் ஒரு பையன், நம் ஜெஃப்ரி வயசுதான் இருக்கும். "மேல இருக்கறத கழட்டிட்டுப் படுங்கம்மா" என்றான், பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் செருப்பை அங்கேயே விட்டது தெரிந்தது.

உனக்குக் கோபம் வரும். ஆனால் யோசித்துப் பார். ஆதாமும் ஏவாளும் கண் திறந்ததும் முதலில் கண்டது தங்கள் நிர்வாணத்தைத்தானே? இலையைத் தைத்துக் கட்டிக்கொண்டார்கள். அது போதாதென்று தேவனே உட்கார்ந்து தோலால் உடுப்புச் செய்து உடுத்தினார். அவர் உடுத்தியதை யாரோ ஒரு பையன் முன்னால் நான் கழற்றுவதா?

வாலிபப் பெண்கள் கூட்டத்தில் அடக்கத்தைப் பற்றிப் பேச பாஸ்டர் மனுவேல் என்னைத்தான் கூப்பிடுகிறார். என் முழுக்கை ரவிக்கையைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளைகள் தங்கள் ரவிக்கையைத் தைக்கக் கொடுக்கிறார்கள். கர்த்தர் சுகம் கொடுப்பார். நீ கவலைப்படாதே.

அம்மா


மஸ்கட்,
2 ஆகஸ்ட் 2023

அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். பிறகு நானும் வேதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ வளர்த்த பிள்ளைதானே.

தேவன் உடுப்புச் செய்தார், சரி. யாருக்கு? வெட்கப்பட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த இரண்டு பேருக்கு. வெளியே போனால் குளிரும், முள் கிழிக்கும் என்று அவருக்குத் தெரியும். பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டு அனுப்புகிற அப்பா மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. காய்ச்சல் வந்தால்கூடக் கழற்றாதே என்று எந்த அப்பா சொல்வார்?

இன்னொன்று. இயேசுவைச் சிலுவையில் அடித்தபோது போர்ச்சேவகர்கள் அவர் உடுப்பு எல்லாவற்றையும் பங்குபோட்டுக்கொண்டார்கள். நம் வீட்டுப் படத்தில் இடுப்பில் துணி இருக்கிறது. அது வரைந்தவனுடைய வெட்கம். மரியாள் கீழே நின்றாளே, மகன் அப்படி இருக்கிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டா நின்றாள்?

போ அம்மா. அப்பாவிடம் சொல்லவா?

லிஜி


மஞ்சூர்,
27 ஆகஸ்ட் 2023

லிஜிக்கு,

அப்பாவிடம் சொன்னால் இதுதான் உனக்கு என் கடைசிக் கடிதம்.

சிலுவையைப் பற்றி நீ எழுதியதைப் பாதியில் மடித்து வைத்துவிட்டேன். மறுபடி எடுத்துப் படித்தேன். அவரை அவமானப்படுத்தத்தானே கழற்றினார்கள்? அது அவமானம் என்று உனக்கே தெரிகிறதில்லையா? பிறகு என்னை ஏன் அங்கே அனுப்புகிறாய்?

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு இருபது வயசு இருக்கும், கல்யாணத்துக்கு முந்தி. இலை பறித்துவிட்டு வந்து டேங்க் பக்கம் குளிப்போம், பாவாடையை மாருக்கு மேல் கட்டிக்கொண்டுதான். சூப்பர்வைசர் ஒருத்தன் தினமும் பம்ப் ஷெட்டுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறான். அவன் பெண்டாட்டிக்குத் தெரிந்து சண்டையாகிவிட்டது. அப்போதிருந்த சபை மூப்பர் பத்சேபாள் கதையை வாசித்தார். அவள் கண்ணில் படுகிற இடத்தில் குளித்ததால்தானே தாவீது ராஜா விழுந்தான் என்றார். ஆராதனைக்கு நடுவில் என்னை எழுப்பி நிறுத்தி, ஒரு குடும்பத்துக்கு இடறலாக இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவனும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் எழுப்பவில்லை.

உன் அப்பிச்சி, என்னைப் பெற்றவர், வீட்டுக்கு வந்ததும் என்னோடு பேசவில்லை. மறுவாரம் முழுக்கை ரவிக்கைக்குத் துணி வாங்கிப் போட்டார். அன்று போட்டதுதான்.

கட்டி கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

அம்மா


மஸ்கட்,
10 செப்டம்பர் 2023

என் அம்மா,

நீ கூட்டத்தில் பேசும்போதெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட பிள்ளை நான். அந்தப் பேச்சுக்குப் பின்னால் பம்ப் ஷெட் இருந்தது எனக்குத் தெரியாதே.

அந்த மூப்பர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியைப் படி. அடுத்தவன் மனைவியை ராஜா எடுத்துக்கொண்ட அந்தப் பாவத்துக்காகத் தேவன் தீர்க்கதரிசி நாத்தானை அனுப்பினார். நாத்தான் யார் வாசலுக்குப் போனான்? பத்சேபாளிடம் போகவில்லை. ராஜாவிடம் போனான். ஏழையின் வீட்டில் மகளைப் போல் வளர்ந்த ஓர் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்து அடித்துச் சமைத்தான் என்று கதை சொல்லி, அந்தப் பணக்காரன் நீதான் என்றான். அவளை ஆட்டுக்குட்டி என்றான் அம்மா! ஏன் குளித்தாய் என்று அவளைத் தேவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இச்சையோடு பார்த்தால் கண்ணைப் பிடுங்கிப் போடு என்று இயேசு சொன்னதும் பார்க்கிறவனிடம்தான்.

நீ கேட்ட மன்னிப்பு உன்னுடையது இல்லை. அதைத் திருப்பி எடுத்துக்கொள்.

லீவு கேட்டேன், டிசம்பர் வரை இல்லை என்கிறார்கள். சுகுணாவைக் கூட்டிக்கொண்டு போ. உன் காலில் விழுகிறேன்.

லிஜி


மஞ்சூர்,
15 அக்டோபர் 2023

லிஜி கண்ணு,

நாத்தான் கதையை எத்தனையோ தடவை வாசித்தேன். நீ சொல்வது சரி. இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் திருப்பியிருக்கிறேன்.

பாஸ்டர் மனுவேலிடமும் பெயர் சொல்லாமல் கேட்டேன், ஒரு சகோதரிக்கு இப்படி இருந்தால் டாக்டரிடம் காட்டலாமா என்று. "இதிலென்ன கேள்விங்க அம்மா, இன்னைக்கே போகச் சொல்லுங்க" என்றார். நான் அவர் வேறு மாதிரிச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் போல.

சுகுணாவோடு போனேன். லேடி டாக்டர் இருந்தார், நல்ல மாதிரி. கதவைச் சாத்தி, திரையும் இழுத்துவிட்டார். நான் ரவிக்கைக் கொக்கியில் கை வைத்தேன். கை கேட்கவில்லை. விரல் அப்படியே நின்றுவிட்டது. வேர்த்து, மயக்கம் வந்து, பெஞ்சில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். திரும்பிவிட்டோம். வசனத்துக்கு அர்த்தம் மாற்றிவிட்டாய் கண்ணு, என் கைக்கு யார் சொல்வது?

கட்டி உடைந்துவிட்டது. துணி மடித்து வைத்துக்கொள்கிறேன். போன ஞாயிறு சபையில் என் பக்கத்திலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். வாடை. நான் இனி வீட்டிலேயே ஜெபித்துக்கொள்கிறேன்.

இப்போது அப்பாவிடம் சொல். என்னால் முடியவில்லை.

அம்மா


மஞ்சூர்,
21 ஜனவரி 2024

அம்மணி லிஜிக்கு அப்பா செல்லதுரை எழுதுவது.

எனக்குக் கடிதாசி எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள். அம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்குப் போனில் ஒன்று கேட்டாய், அம்மாவைக் குளிப்பாட்டினது யாருங்கப்பா என்று. சுற்றி ஆட்கள் நின்றார்கள். போனை ஜெஃப்ரி கையில் கொடுத்துவிட்டேன். அதுக்குத்தான் இது.

நீ போன் பண்ணிச் சொன்ன அன்றே கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனேன். மயக்க ஊசி போட்டுத்தான் டாக்டரம்மா பார்த்தார். எலும்பு வரைக்கும் பரவிவிட்டது, ஊட்டுக்கே கூட்டிப் போங்க என்றார். வரும்போது பஸ்ஸில் உன் அம்மா என்னிடம், "ஏனுங்க, உங்களுக்குக் கஷ்டம் கொடுத்துட்டேன்" என்றாள். புண்ணைச் சுகுணா கழுவ விட்டாள், என்னை விடவில்லை. நான் வாசலில் வெந்நீரை வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன்.

டிசம்பரிலும் உனக்கு லீவு தராததற்கு இங்கே யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. உயிர் போனதும் சபைப் பெண்கள் குளிப்பாட்ட வந்தார்கள். பெஞ்சு மாறி உட்கார்ந்தவர்களும் அழுதுகொண்டே வந்தார்கள். நான், "கொஞ்சம் எல்லாரும் வெளியே இருங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருட்டாக இருந்ததால் ஜன்னலைத் திறந்தேன்.

உன்னிடம் சொல்ல எனக்குக் கூச்சம்தான். ஆனால் சொல்ல வேறு ஆளில்லை. உன் அம்மாவோடு இத்தனை வருஷம் வாழ்ந்து இரண்டு பிள்ளை பெற்றேன். விளக்கை அணைக்காமல் அவள் ஒருநாளும் என் பக்கம் வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. பொம்பளைன்னா அப்படித்தான் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் அவளை வெளிச்சத்தில் பார்த்தேன். கொக்கியை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தோளில் ஒரு மச்சம் இருக்கிறது, எனக்குத் தெரியாது. வெயில் படாத தோல், அவள் முகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத நிறம். புண்ணையும் பார்த்தேன். அதை எழுதமாட்டேன். மெதுவாகத்தான் கழுவினேன்.

அந்த நேரத்தில் என் மனசில் ஒன்று வந்தது. இவ்வளவு அழகாக இருந்திருக்கிறாளே என்று நினைத்துவிட்டேன். உயிர் இல்லாத உடம்பைப் பார்த்து அப்படி நினைக்கலாமா? அன்றிலிருந்து தூக்கமில்லை. பாஸ்டரிடம் கேட்க வாய் வரவில்லை. நீ அம்மாவுக்கு வேதத்திலிருந்து நிறைய எடுத்து எழுதினாயாமே, அவள் சொன்னாள்.

அது பாவமா அம்மணி? தெரிந்தால் எழுது.

அப்பா
செல்லதுரை