சாட்சிக் கையெழுத்து இல்லாத உறை

ஊர் மன்ற அலுவலகம்,
அக்டோபர் 14, புதன்கிழமை

அன்புள்ள தம்பி ஏரோவுக்கு,

அக்கா ஐலா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். நீ எங்களோடு பேசாமல் இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் உன் கப்பல் எந்த ஏரியில் எந்தப் பக்கம் போகிறது என்று தினமும் காலையில் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். டெட்ராய்ட் தபால் படகு இந்தக் கடிதத்தை உன் கப்பலடிக்குக் கொண்டுவரும், வாளியில் போட்டு மேலே இழுத்துக்கொள்வீர்கள். உறை கனமாக இருக்கிறதே என்று பயப்படாதே, சாவுச் செய்தி இல்லை. உன் ஓட்டு விஷயம்.

அதற்கு முன் நாட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கப்பல் சமையலறை ரேடியோ பாதி நேரம் கரகரவென்று இருக்கும் என்று முன்பு சொல்வாயே. பட்ஜெட்டில் ஒத்துவரவில்லை என்று வாஷிங்டனில் மறுபடியும் அரசாங்கத்தைப் பூட்டிவிட்டார்கள். இங்கே அதனால் என்ன ஆனது என்றால், தேசியப் பூங்காக் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு செனட்டர் பதினோரு மணி நேரம் நின்றபடியே பேசினாராம். கடைசியில் என்ன கேட்டார் என்று அவர் கட்சிக்காரர்களுக்கே தெரியவில்லை. நம் தொகுதிப் பிரதிநிதி நேரில் வர மாட்டாராம், தொலைபேசியில் கூட்டம் போட்டார். உன் அத்தான் ஒரு கேள்வி கேட்க ஐம்பது நிமிடம் காத்திருந்தார். முடிவில் ஒரு பெண் குரல், தங்கள் ஆதரவுக்கு நன்றி என்று சொல்லி வைத்துவிட்டது. "இந்தாளுக்கு நான் எப்படி ஆதரவு குடுத்தேன்?" என்று இன்னும் அலைகிறார்.

உள்ளூர்ச் செய்தியும் உண்டு. கப்பலுக்குக் கிளம்புமுன், மன்றத் தலைவர் தேர்தலில் உன் அத்தானை எதிர்த்து நிற்கும் லென்னி ப்ராட்டுக்கு ஓட்டுக் கேட்கும் பலகையை உன் முற்றத்தில் நட்டாயே, சரியாக என் சமையலறை ஜன்னலைப் பார்த்த மாதிரி! சனிக்கிழமை காற்றில் அது பிடுங்கிக்கொண்டு சாக்கடையில் விழுந்தது. நான் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். உன் அத்தான்தான் பலகையைப் பிடித்துக்கொண்டார், நான் அடித்தேன். "எதிராளி பலகையை நட்டுக்குடுத்த வேட்பாளர் இந்த நாட்டுலயே நான் ஒருத்தன்தான்டி" என்றார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் தபால் ஓட்டு திங்கட்கிழமை வந்தது. உறையில் உன் கையெழுத்து இருக்கிறது. அதற்குக் கீழே சாட்சி போட வேண்டிய இடம் காலி. ஏன் காலி என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பதினெட்டு வருடமாக என் சாப்பாட்டு மேசையில்தானே ஓட்டுப் போடுவாய்? நான் எட்டிப் பார்ப்பேனோ என்று கையால் மறைத்துக்கொண்டு குறியிடுவாய். ஒட்டிய உறையை என் பக்கம் தள்ளுவாய். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு உனக்கு ஏலக்காய் ரொட்டி வெட்டி வைப்பேன். அப்படி ஒரு கட்டம் உறையில் இருப்பதையே நீ கவனித்திருக்க மாட்டாய்.

சாட்சி இல்லாத ஓட்டு செல்லாது. மன்றத்தின் செயலர் என்ற முறையில் உடனே உனக்குத் தெரிவித்து, புதுச் சீட்டு அனுப்புவது என் வேலை. ஆனால் ஏரோ, திங்கட்கிழமை நான் அதைச் செய்யவில்லை. உறையை மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன். மறதியில்லை. உன் அத்தான் போன தடவை ஏழே ஓட்டு வித்தியாசத்தில் மன்றத் தலைவரானவர். இந்தத் தடவை அதுகூட நிச்சயமில்லை. நீ யாருக்குப் போட்டிருப்பாய் என்று தெரிய உறையைத் திறக்கவா வேண்டும்? அலுவலகத்தில் என்னைத் தவிர யாருமில்லை. யாரும் கேட்கப்போவதுமில்லை. ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் அனுப்ப அதைவிட வெட்கம்.

நேற்று சாயங்காலம் உன் அத்தானிடம் சொன்னேன். "நாளைக்கே அனுப்பு. அவன் ஓட்டை அமுக்கி நான் ஜெயிச்சா, அப்புறம் எந்த மூஞ்சியோட அவனை வீட்டுக்குக் கூப்பிடறது?" என்றார். அதோடு நிறுத்தவில்லை. நீ பேச்சை நிறுத்திய அந்த நன்றி நாள் விருந்தில், ஜனாதிபதித் தேர்தலில் அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டவனுக்கு என் மேசையில் இடமில்லை என்று சொன்னாரே, அதைப் பற்றியும் பேசினார். "அது என் வாயில வந்திருக்கவே கூடாது" என்றார். இதை உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. எழுந்து போய் விறகு பிளந்தார். அதனால் எழுதுகிறேன்.

பழைய உறையைப் பிரிக்காமலே ரத்துசெய்துவிட்டேன். புதுச் சீட்டும் உறையும் இதோடு இருக்கின்றன. உன் அத்தானுக்கு எதிராக ஒரே தேர்தலில் இரண்டு முறை குறியிடும் பாக்கியம் இந்த ஊரில் உனக்கு மட்டும்தான், நிதானமாகப் போடு. கப்பலில் இருபத்திரண்டு பேர் இருக்கிறீர்கள், நம் மாநிலத்துக்காரர் ஒருவரை உட்கார வைத்து அவர் முன்னால் குறியிடு. அவர் கையெழுத்தும் முகவரியும் கட்டாயம். தேர்தல் நாளான நவம்பர் மூன்றாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். வந்தால் அது எண்ணப்படும், அதற்கு நான் பொறுப்பு. அந்தக் கட்டத்தில் இந்த வருடம் வேறு யாரோ பெயர் எழுதப்போகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நவம்பர்க் காற்று பொல்லாதது, மேல்தளத்தில் ஜாக்கிரதையாக நட. நல்லபடியாகக் கரை வந்து சேர். ஓட்டை எங்களுக்கு எதிராகவே போட்டுக்கொள், தம்பி. பேசாமல் மட்டும் இருக்காதே.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா ஐலா