பதினைந்து நாள் ஓய்வு

அன்புள்ள அப்பாவுக்கு, மூத்தவள் வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார்களா?

ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படாதீர்கள். திங்கட்கிழமை அலுவலகப் படிக்கட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். மருத்துவர் சோதித்துவிட்டு, "தூக்கமே இல்லாம உடம்பு எத்தனை நாள்மா தாங்கும்? பதினஞ்சு நாள் வேலைப் பக்கமே போகாதீங்க" என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதைக் கொடுக்கத்தான் மேலாளர் அறைக்குப் போனேன். அவர் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

"வாழ்த்துக்கள்! இனிமே குழுவுக்கு நீங்கதான் தலைவர். நாளைக்கே பொறுப்பு எடுத்துக்குவீங்கல்ல?"

மூன்று வருடமாக நான் ஏங்கிய பதவி அப்பா. ஓய்வு வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி சார், ரொம்ப நன்றி" என்றுதான் வந்தது. சான்றிதழ் இன்னும் கைப்பையில் கிடக்கிறது. கொடுக்கத் தைரியமில்லை, கிழிக்கவும் கை வரவில்லை. அம்மாவிடம் பதவியை மட்டும் சொல்லுங்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய தலையணையைக் கொடுத்துவிடுங்கள். இங்கே வாங்கியது ஒத்துக்கொள்ளவில்லை.

கூட்டத்துக்கு அழைக்கிறார்கள், முடிக்கிறேன். ஞாயிறு காலை போன் செய்யுங்கள். நான் "நல்லாருக்கேன்பா" என்றால் உடனே வைத்துவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.

உங்கள் மகள்